காற்று நின்றால் நம்பாதே!

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் போதும். "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்று ரேடியோவிலும் டி.வி.யிலும் ஆரம்பித்துவிடுவார்கள். நாமும் ஒரு காதில் வாங்கிக்கொண்டே, "நாளைக்கு ஸ்கூல் லீவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கப்பா!" என்று அடுப்படி வேலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். புயல் என்றால் நாகப்பட்டினத்துக்கோ ஆந்திராவுக்கோ போய்விடும், மெட்ராஸுக்கு வெறும் மழைதான் என்று நமக்கு ஒரு நினைப்பு.

எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. 2016-ம் வருஷம் டிசம்பர் 12-ம் தேதி வரைக்கும்!

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வானிலை சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு நான் செய்த ஒரு தப்பு, என் பிள்ளையை என்னிடமிருந்து பறித்திருக்கும். அந்தத் தப்பை வேறு எந்தத் தாயும் செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான், வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

மீன்கார ஆயா சொன்னது

எங்கள் வீடு மந்தைவெளியில், ராமகிருஷ்ண மடம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னத் தெருவில் இருக்கிறது. முதல் மாடி. மொட்டை மாடியில் நின்றால் கடல் காற்று முகத்தில் அடிக்கும். பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். அங்கிருந்து ஒரு ஆயா கூடை தூக்கிக்கொண்டு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார். என் மாமியாருக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவார்கள்.

புயலுக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆயா கூடையில் கருவாடு மட்டும்தான் கொண்டுவந்திருந்தார்.

"இன்னா ஆயா, மீன் இல்லையா?" என்றேன்.

"எங்கேர்ந்தும்மா மீனு? கடலுக்குப் போவக் கூடாதுன்னு சொல்லி நாலு நாளாச்சு. படகெல்லாம் மேல ஏத்திட்டாங்க. நாளிக்குக் காத்து அடிக்கப் போவுது. சன்னல் கதவெல்லாம் சாத்திக்கினு உள்ளயே குந்தியிரு. நடுவுல காத்து நின்னுச்சுன்னா நம்பாதே. அது மூச்சு வாங்குது, அவ்ளோதான். திரும்பிக்கினு வந்து அடிக்கும்."

"சரி ஆயா" என்று சொல்லி, அரைக் கிலோ நெத்திலிக் கருவாட்டை வாங்கி வைத்தேன். கருவாட்டைப் பத்திரமாக எடுத்து வைத்தவள், அவர் சொன்னதை எடுத்து வைக்கவில்லை.

தண்ணீருக்குத் தயார், காற்றுக்கு இல்லை

அதற்கு முந்தின வருஷம், 2015 டிசம்பரில் வந்த வெள்ளம் நம் எல்லோர் மனசிலும் பயத்தைப் போட்டிருந்தது. அதனால் 'புயல்' என்று கேட்டதும் எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது. அரிசி டப்பாவைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தேன். ரேஷன் கார்டு, பத்திரங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் ஏற்றினேன். முதல் மாடியில் இருந்துகொண்டு இத்தனையும்! என் கணவர்கூடச் சிரித்தார்.

ஆனால் பால்கனியில் வரிசையாக இருந்த ஒன்பது பூந்தொட்டிகளை நான் தொடவில்லை. மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போட்ட இரும்புக் கட்டிலையும், பழைய தகர ஷீட்டையும் நினைத்தே பார்க்கவில்லை. வெள்ளம் வேறு, காற்று வேறு. வெள்ளம் கீழிருந்து மேலே வரும். மாடியில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. காற்று நேராக ஜன்னலுக்கே வரும். இந்த வித்தியாசம் எனக்கு அன்று தெரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டுவிட்டார்கள். என் கணவர் மட்டும், "மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்" என்று அம்பத்தூரில் உள்ள வேலைக்குக் கிளம்பிப் போனார். வீட்டில் நான், அத்தை, எட்டாவது படிக்கும் பெரியவன், ஆறு வயசுச் சின்னவள். மேல் மாடியில், பிரசவமாகி இரண்டு மாதமே ஆன ஒரு பெண், கைக்குழந்தையோடு தனியாக இருந்தாள். அவள் புருஷனும் வேலைக்குப் போயிருந்தார்.

காலையிலேயே கரண்டு போய்விட்டது. பத்து மணிக்கெல்லாம் அடுப்படி ஜன்னல் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. அது வடக்குப் பார்த்த ஜன்னல். மத்தியானம் ஆக ஆக, காற்றின் சத்தம் ரயில் எஞ்சின் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி ஆகிவிட்டது. எங்கேயோ கண்ணாடி நொறுங்கியது. மேல் மாடிப் பெண் குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, "அக்கா, எனக்குப் பயமா இருக்கு" என்று எங்கள் வீட்டுக்கே இறங்கி வந்துவிட்டாள். எல்லோரும் நடு அறையில் உட்கார்ந்திருந்தோம். போனில் சிக்னலே இல்லை. அவர் எங்கே இருக்கிறாரோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் இருக்கும். காற்று படிப்படியாகத் தணிந்தது. மழையும் விட்டது. தெருவில் திடீரென்று ஒரு நிசப்தம். அப்பாடா என்று மூச்சு வந்தது.

அக்கம்பக்கத்தார் எல்லாம் வெளியே வந்தார்கள். முறிந்து கிடந்த கிளைகளைச் சிலர் ஒதுக்கினார்கள், சிலர் போட்டோ எடுத்தார்கள். அன்று கார்த்திகை தீபம். அத்தை, "விளக்கேத்தணும், நைவேத்தியத்துக்குப் பால்கூட இல்லையே" என்றார். சின்னவளும் பால் கேட்டு அழுதாள்.

நான் பெரியவனைக் கூப்பிட்டேன். "கண்ணா, காத்துதான் நின்னுடுச்சே. ஓடிப் போய் அண்ணாச்சி கடையில ரெண்டு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடு."

பதிமூன்று வயசுப் பையன். பையை எடுத்துக்கொண்டு துள்ளிக்கொண்டு ஓடினான். கடை தெருமுனையில். ஐந்து நிமிஷ வேலை.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் கூடத்துத் திரைச்சீலை மெல்ல உள்பக்கமாக உப்பியது. அது தெற்குப் பக்கம். காலையிலிருந்து அந்தப் பக்கம் திரைச்சீலை இவ்வளவு ஆடவே இல்லை. அந்த நிமிஷம்தான் ஆயா சொன்னது எனக்கு மின்னல் வெட்டின மாதிரி ஞாபகம் வந்தது. 'திரும்பிக்கினு வந்து அடிக்கும்.'

பால்கனிக்கு ஓடினேன். அவன் பேரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காலையெல்லாம் அசையாமல் இருந்த பூந்தொட்டிகளில் இரண்டு, என் கண் முன்னாலேயே சுவரிலிருந்து தெருவில் விழுந்து நொறுங்கின. மேல் மாடிப் பெண்தான் என் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அடுத்த சில நிமிஷத்தில் வீடே அதிர்ந்தது. எதிர் வரிசையில் இருந்த பெரிய குல்மொஹர் மரம் வேரோடு சாய்ந்து, தெருவை அடைத்துக்கொண்டு விழுந்தது. அதன் அடியில் இரண்டு ஸ்கூட்டர்கள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தன. என் பிள்ளை திரும்பி வருகிற வழி அதுதான்.

கீழே இறங்க இரண்டு தடவை முயற்சி செய்தேன். வாசல் கதவைத் தள்ளவே முடியவில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் போயிட்டா இந்தச் சின்னதை யார் பார்க்கிறது?" என்றார். அவருக்கும் குரல் நடுங்கியது. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் என் மனசு பட்ட பாட்டை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

இருட்டின பிறகு கதவு தட்டும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி ஒரு கையில் டார்ச்சும், இன்னொரு கையில் என் பிள்ளையின் தோளுமாக நின்றுகொண்டிருந்தார். "தங்கச்சி, காத்து மாறுதுன்னு தெரிஞ்சதும் பையனை உள்ள இழுத்து ஷட்டரைப் போட்டுட்டேன். போன் போட்டுப் பார்த்தேன், போகலை. பயந்திருப்பீங்க" என்றார்.

பிள்ளை கையில் இரண்டு பால் பாக்கெட்டும் பத்திரமாக இருந்தன. அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் ராத்திரி பத்தரை மணிக்கு, பாதி தூரம் நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

புயலின் கண்

பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். புயல் என்பது ஒரே திசையில் அடிக்கிற காற்று இல்லை. மாவு அரைக்கும்போது கிரைண்டருக்குள் மாவு சுழல்கிறதே, அது போல ஒரு பெரிய சுழல். நம் பக்கத்துக் கடல்களில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். சுழலின் நடுவில் பல கிலோமீட்டர் அகலத்துக்குக் காற்று மிகவும் குறைந்த ஓர் இடம் இருக்கும். அதைத்தான் 'புயலின் கண்' என்கிறார்கள். வர்தா புயல் சென்னையை ஒட்டியே கரை கடந்ததால், அந்தக் கண் நம் ஊர் மேலேயே நகர்ந்து போனது.

கண் வந்து சேரும்வரை வடக்கு, வடமேற்குப் பக்கத்திலிருந்து காற்று. கண் தாண்டியதும் தெற்கு, தென்மேற்குப் பக்கத்திலிருந்து காற்று. முதல் பாதியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர் தளர்ந்த மரங்களை, அடுத்த பாதி வேறு பக்கமாகத் தள்ளும். இடையில் கிடைக்கும் அமைதி சில நிமிஷமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம். அப்போது வெளியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனவே காற்று நின்றதா என்று ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "புயல் முழுவதுமாகக் கரையைக் கடந்துவிட்டது, வெளியே வரலாம்" என்று வானிலை ஆராய்ச்சி நிலையமோ அரசாங்கமோ சொல்லும் வரை வாசற்படி தாண்டக் கூடாது.

அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசியது. நகரம் முழுவதும் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. விமான நிலையத்தையே மூடினார்கள். உயிர்ச் சேதமும் நேர்ந்தது. 'வர்தா' என்பது பாகிஸ்தான் கொடுத்த பெயராம்; ரோஜா என்று அர்த்தமாம். பெயர் என்னவோ பூ!

எச்சரிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

செய்தியில் சொல்லும் வார்த்தைகளுக்கு ஓர் அளவு உண்டு. இந்தக் கணக்கை என் பெரியவன் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான். காற்றின் வேகம் மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். 89-க்கு மேல் தீவிரப் புயல். 118-க்கு மேல் அதிதீவிரப் புயல். அதற்கு மேலும் உண்டு.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். 60 கிலோமீட்டர் காற்று 120 ஆனால், அதன் பலம் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு! "போன புயலுக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இந்தப் புயலுக்குச் சும்மா இருக்க முடியாது என்பது இதனால்தான்.

நிறங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். ஆரஞ்சு என்றால் ஏற்பாடுகளைச் செய்யுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்பட வேண்டிய நேரம். துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டு 1-ம் எண்ணிலிருந்து 11 வரை போகும். 1, 2 என்றால் ஆபத்து தூரத்தில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரிய ஆபத்து நம் வாசலுக்கே வந்துவிட்டது. 11 என்றால் வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

புயல் கரையைத் தொடுவதற்கு இரண்டு நாள் முன்பே வானிலை நிலையம் எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. 24 மணி நேரத்துக்கு முன்பு, எந்த இடத்தில், எப்போது, எவ்வளவு வேகத்தில் என்று இன்னும் திட்டமாகச் சொல்கிறது. இப்போது கைபேசியில் 'மௌசம்', 'சசேத்' போன்ற அரசாங்கச் செயலிகளிலும் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் தகவலை நம்பி அலற வேண்டாம், அலட்சியமாகவும் இருக்க வேண்டாம்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

இப்போதெல்லாம் புயல் என்று கேட்டதும் நான் முதலில் மொட்டை மாடிக்குத்தான் போகிறேன். பறக்கக்கூடிய எதையும் வெளியே விடுவதில்லை. பூந்தொட்டி, துடைப்பம், கொடிக்கம்பு, தகரம், உடைந்த நாற்காலி எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டுக்குள் இடம் இல்லாவிட்டால் தொட்டிகளைத் தரையில் இறக்கி, சுவர் மூலையில் நெருக்கமாக வைத்துவிடுங்கள். சுவர் மேல் இருக்கும் ஒரு தொட்டி, கீழே போகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். என் தொட்டிகள் விழுந்தபோது தெருவில் யாரும் இல்லாதது நான் செய்த புண்ணியம்.

மாடியில் உள்ள பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தால் காற்றில் உருண்டுவிடும். அதை நிரப்பி, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். கரண்டு போனால் மோட்டார் ஓடாது என்பதால் அந்தத் தண்ணீர் நமக்கும் உதவும். குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் என்று மூன்று நாளைக்குக் கணக்குப் போடுங்கள். எங்கள் ஐந்து பேருக்கு அறுபது லிட்டர், அதாவது ஏறக்குறைய நாலு குடம். மூடி போட்டு வையுங்கள்.

வண்டியை மரத்தடியில் நிறுத்தாதீர்கள். ஜன்னல், கதவுக் கொக்கிகள் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள். "ஒரு பக்க ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று வெளியே போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. உள்ளே புகும் காற்று கூரையையே தூக்கப் பார்க்கும். எல்லாவற்றையும் சாத்துங்கள்.

டார்ச், புது பேட்டரி, ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ இவை கட்டாயம் வேண்டும். டி.வி.யும் போனும் ஓய்ந்துபோன பிறகும் ரேடியோ பேசும். கைபேசிகளை முழுதாக சார்ஜ் செய்துகொள்ளுங்கள். சில்லறையாகக் கொஞ்சம் பணம் வீட்டில் இருக்கட்டும். 2016-ல் பழைய ஐந்நூறு, ஆயிரம் நோட்டு செல்லாது என்று சொல்லி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதோடு கரண்டும் இல்லை என்றால் ஏ.டி.எம். எப்படி வேலை செய்யும்? அண்ணாச்சி கடன் கொடுத்ததால் எங்கள் தெரு பிழைத்தது.

ஆஸ்பெஸ்டாஸ் அல்லது ஓட்டுக் கூரை வீட்டில் இருப்பவர்களும், கடலோரத்தில் இருப்பவர்களும், பள்ளிக்கூடத்துக்கோ முகாமுக்கோ போகச் சொன்னால் தயங்காமல் போய்விடுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் வீடு அப்படிப்பட்டது என்றால், அவரை முதல் நாளே விசாரித்து, தேவையானால் உங்கள் வீட்டிலேயே குழந்தைகளோடு தங்கச் சொல்லுங்கள்.

காற்று அடிக்கும்போது

கண்ணாடி ஜன்னல் இல்லாத உள் அறையில் எல்லோரும் ஒன்றாக இருங்கள். எங்கள் வீட்டில் அது பூஜை அறையை ஒட்டிய நடு அறை. குழந்தைகள் வேடிக்கை பார்க்க ஜன்னல் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டி.வி., பிரிட்ஜ், மிக்ஸி எல்லாவற்றின் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரும்போல் இருந்தால், கை ஈரமில்லாமல் இருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

மெழுகுவர்த்தியை விட டார்ச் நல்லது. அன்று அத்தை ஆசைப்பட்டபடி இரண்டே இரண்டு அகல் விளக்கை, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, சுவாமி முன்னால் ஏற்றினோம். திரைச்சீலை பக்கத்தில் இல்லை, குழந்தை கைக்கு எட்டாது, பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்படி இருந்தால்தான் ஏற்றலாம். கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு மூட்டுவதோ, ஜெனரேட்டர் ஓட்டுவதோ கூடவே கூடாது. அந்த விஷப் புகை வாசனையே தெரியாமல் உயிரைக் குடித்துவிடும்.

கைக்குழந்தையும் பெரியவர்களும்

இளம் தாய்மார்களுக்கு ஒன்று சொல்வேன். புயல் நேரத்தில் தாய்ப்பாலுக்கு ஈடு கிடையாது. கொதிக்க வைக்க வேண்டாம், பிரிட்ஜ் வேண்டாம், கடைக்கு ஓட வேண்டாம். பயத்தில் பால் வற்றிவிடும் என்று சொல்வதைக் கேட்டு உடனே புட்டிக்கு மாறாதீர்கள். மேல் மாடிப் பெண்ணுக்கும் அன்று அந்தப் பயம் வந்தது. அத்தை அவளைச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்து, கஞ்சி கொடுத்து, "நீ குழந்தையை அணைச்சுக்கோ, அது குடிக்கக் குடிக்கச் சுரக்கும்" என்றார். அப்படியே ஆயிற்று. புட்டிப் பால்தான் என்றால், பால் பவுடரும் கொதித்து ஆறின தண்ணீரும் முன்கூட்டியே இருக்கட்டும்.

அத்தைக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் போடுகிறவர். எங்கள் தெருவுக்கு நாலாம் நாள்தான் கரண்டு வந்தது. பிரிட்ஜில் இருந்த மருந்து கெட்டுவிடுமோ என்று நான் தவித்தேன். திறந்து உபயோகித்துக்கொண்டிருக்கும் இன்சுலின், வெயில் படாத இடத்தில், அறையின் சூட்டிலேயே பொதுவாக நாலு வாரம் தாங்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். திறக்காத குப்பிகளை, ஈரத் துணி சுற்றிய மண்சட்டிக்குள் தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில் வைக்கலாம். உங்கள் மருந்துக்கு என்ன முறை என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரைகள் பத்து நாளைக்காவது கையிருப்பு இருக்கட்டும். பிரசவ நாள் நெருங்கியவர்கள் புயலுக்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்விடுவது உத்தமம்.

புயல் போன பிறகு

ஆபத்து காற்றோடு போய்விடுவதில்லை. அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்டு இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். கம்பி கிடக்கும் இடத்துக்கும், அதை ஒட்டிய தண்ணீருக்கும் யாரும் போகக் கூடாது. உடனே மின்வாரியத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள். விழுந்த மரம், தேங்கிய தண்ணீருக்கு மாநகராட்சியின் 1913. ஆம்புலன்சுக்கு 108. பேரிடர் உதவிக்கு மாநில அளவில் 1070, மாவட்ட அளவில் 1077. பாதி முறிந்து தொங்கும் கிளைக்குக் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள்.

பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி இருக்கும். அதற்கு மேல் ஆன பால், கறி, மீனைத் தயவு பார்க்காமல் கொட்டிவிடுங்கள். குடிதண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் ஒரு நிமிஷமாவது அடுப்பில் இருக்கட்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால், ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி அளந்து கரைத்துக் கொடுத்துக்கொண்டே, டாக்டரிடம் காட்டுங்கள். தேங்காய்ச் சிரட்டை, உடைந்த தொட்டி இவற்றில் நிற்கும் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே கொசு வந்துவிடும்.

குழந்தைகள் மனசையும் கவனியுங்கள். என் சின்னவள், அதற்கப்புறம் ஒரு மாதம் வரை மின்விசிறிச் சத்தம் கேட்டாலே என் புடவையைப் பிடித்துக்கொள்வாள். "இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று நான் அதட்டவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, அன்றைக்கு நடந்ததை அவளையே கதையாகச் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்லத் தெளிந்துவிட்டாள்.

ஆயா மறுபடி வந்தார்

பத்து நாள் கழித்து ஆயா வந்தார். அவர் வீட்டுக் கூரை ஷீட்டு முழுவதும் பறந்துவிட்டதாம். வீட்டில் எல்லோரும் முதல் நாளே முகாமுக்குப் போயிருந்ததால் உயிருக்கு ஒன்றும் இல்லை. நான் செய்த காரியத்தைச் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வுடும்மா. புள்ள வந்துட்டான்ல. இனிமே நீ நாலு பேருக்குச் சொல்லு" என்றார்.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் ராத்திரியில் கரை கடந்தது. அன்று சாயந்திரமே எங்கள் பால்கனி சுத்தமாக இருந்தது. நாலு குடம் தண்ணீர் நிரம்பியிருந்தது. அவரும் பிள்ளைகளும் வீட்டுக்குள் இருந்தார்கள். நடுராத்திரி காற்று கொஞ்சம் தணிந்தபோது, கல்லூரிக்குப் போகிற பெரியவன் வாசல் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, யாரும் பால் வாங்கப் போகலையே?" என்றான். அவன் சிரித்தான். எனக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

வேண்டிய சாமான்களையும் டெலிபோன் எண்களையும் எழுதி, எங்கள் அடுப்படி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதன் தலைப்பில் ஆயா சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன்: 'காற்று நின்றால் நம்பாதே.' நீங்களும் இன்று சாயந்திரம் காபி குடித்த கையோடு ஒரு காகிதம் எடுத்து எழுதி ஒட்டிவிடுங்கள். அப்படியே பால்கனியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.